எல்லோருக்கும் சரி சொன்னவர்

சேலையூரில் நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரம்மா யாரிடமும் 'முடியாது' என்று சொல்லி நான் கேட்டதில்லை. கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவில், கீழே அவரும் அவர் கணவரும், மேலே வாடகைக்கு நானும் என் கணவரும். கல்யாணமாகி நேராக அந்த மாடிக்குத்தான் குடிவந்தேன். வீடு பார்க்கப் போன அன்றே, காலையில் சீக்கிரம் தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட வேண்டும், நான் தாம்பரம் போய் ரயில் பிடித்து வேலைக்குப் போகிறவள் என்று சொன்னேன். "சரிம்மா, போட்டுடலாம்" என்றார். எவ்வளவு நல்ல மனுஷி என்று நினைத்துக்கொண்டேன்.

குடிவந்த மறுநாளிலிருந்து, அவர் வாசல் தெளித்து, கோலம் போட்டு, பால் காய்ச்சி, காக்கைக்கு வைத்த பிறகுதான் மோட்டார் ஓடியது. மறுபடி போய்க் கேட்டேன். அதே சிரிப்பு, அதே "சரிம்மா". அந்த முகத்தில் எரிச்சல் ஒரு துளி இல்லை. சண்டை போடவும் வழியில்லை. சரி என்று சொல்லிவிட்ட ஆளிடம் எதைப் பிடித்துச் சண்டை போடுவது? கொஞ்ச நாளில் நானே ஒரு பெரிய டிரம் வாங்கி முந்தின நாளே நிரப்பிவைக்கப் பழகிக்கொண்டேன்.

ஐம்பதைத் தாண்டிய, குட்டையான, பருத்த உருவம். துவைத்துத் துவைத்து நிறம் மங்கிய நூல் புடவை. நடந்தால் லேசாக மூச்சு இரைக்கும். எங்கள் தெருவும் அடுத்த தெருவும் ஒரு காலத்தில் அவர்கள் குடும்பத்து நெல் வயல்கள். மனை போட்டு விற்று, மிஞ்சியது அந்த வீடு, கேம்ப் ரோட்டில் வாடகைக்கு விட்ட இரண்டு கடை, வீட்டின் பின்னால் கிணற்றோடு ஒரு துண்டு நிலம்.

அந்தத் துண்டு நிலத்தையும் விற்றுவிட வேண்டும் என்று அவர் கணவர் ஆசைப்பட்டார். நான் அவரை ஐயா என்று கூப்பிடுவேன். நெட்டையான, அதிகம் பேசாத மனிதர். விலை பேசி முடித்து வந்து சொன்னபோது அம்மா, "சரிங்க, வித்துடலாம்" என்றாராம். பத்திரப் பதிவு நாளன்று தரகர் காரோடு வாசலில் வந்து நிற்கிறார், வீட்டில் அம்மா இல்லை. இடம் அவர் பெயரில் இருந்ததால் அவர் கையெழுத்து இல்லாமல் ஒன்றும் நடக்காது. சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் வந்து சேர்ந்தார். திருநீர்மலைக்குப் போயிருந்தாராம், நெடுநாள் வேண்டுதலாம். காத்திருந்து களைத்துப்போன தரகருக்கும் துளசிப் பிரசாதம் கொடுத்து, நாளைக்குப் போய் முடித்துவிடலாம் என்றார். அந்த நாளை வரவேயில்லை. தரகர்தான் ஒரு கட்டத்தில் வருவதை நிறுத்திக்கொண்டார். ஐயா ஒரு வாரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார். அம்மா அந்த ஒரு வாரமும் அவருக்குப் பிடித்த குழம்பாக வைத்துக்கொண்டிருந்தார்.

இது வேடிக்கையாக இருந்ததெல்லாம் அவருடைய மூச்சிரைப்பைக் கண்ணால் பார்க்கும் வரைதான். ஒரு மார்கழிக் காலையில் கீழேயிருந்து ஐயா கூப்பிட்ட குரலில் படி இறங்கி ஓடினேன். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார், நெஞ்சுக்குள் விசில் ஊதுவதைப் போலச் சத்தம், தலையில் ஈரத்துண்டு. ஆட்டோவில் டாக்டரிடம் கொண்டுபோனோம். பனிக்காலத்தில் பச்சைத் தண்ணீரில் தலைக்குக் குளிக்கக் கூடாது என்று போன வருஷமே சொன்னேனே, சரி என்று சொன்னீர்களே என்று டாக்டர் கத்தினார். அம்மா மூச்சு வாங்கிக்கொண்டே அதற்கும் தலையை ஆட்டினார். யாரோ ஒரு பொல்லாதவளை டாக்டர் திட்டுகிறார், அவள் திட்டப்பட வேண்டியவள்தான் என்பதைப் போல இருந்தது அந்தத் தலையாட்டல்.

அந்த நெஞ்சை வைத்துக்கொண்டுதான் அவர் அமெரிக்கா போக வேண்டி வந்தது.

ஒரே மகள் கலா, கணவரோடு டெட்ராய்ட் பக்கம் இருந்தாள். தலைப்பிரசவம். ஐந்தாம் மாதத்திலிருந்தே ரத்த அழுத்தம் ஏறிவிட்டது, படுத்தே இருக்கச் சொல்லிவிட்டார்கள். கூட மாட ஆள் வேண்டும். ஐயாவுக்கு முழங்கால் வலி, விமானத்தில் அவ்வளவு நேரம் காலை மடக்கி உட்கார முடியாது. அதனால் தாம்பரத்தைத் தாண்டினால் காஞ்சிபுரம், அவ்வளவுதான் உலகம் என்று வாழ்ந்த அம்மா, தை மாதம் நடுக் குளிரில், தனியாக விமானம் ஏறுவது என்று முடிவானது. விசா எப்படியோ கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு வீட்டில் பேச்செல்லாம் உடுப்பைப் பற்றித்தான்.

கலா வாரம் தவறாமல் போன் செய்வாள். ஒருநாள் என்னைக் கீழே கூப்பிடச் சொல்லி என்னிடம் பேசினாள்.

"அக்கா, அம்மா எல்லாத்துக்கும் சரின்னுதான் சொல்றாங்க. அதுதான் பயமா இருக்கு. இங்க வெளிய நின்னா காது மரத்துப்போகுது. நீங்க கூட இருந்து பெட்டி கட்டிக் குடுங்க. புடவையைக் கட்டிட்டு வந்து இறங்கிடப் போறாங்க."

நான் பொறுப்பெடுத்துக்கொண்டேன். என் கணவரின் ஆபீஸில் வெளிநாடு போய்வந்த ஒருவரிடமிருந்து முழங்கால் வரை வரும் தடித்த ஜாக்கெட் ஒன்றை இரவல் வாங்கினோம். உள்ளே போட்டுக்கொள்ளும் கம்பளி பனியன், கம்பளி கால்சட்டை, குரங்குக் குல்லாய், கையுறை எல்லாம் எதிர்வீட்டில் கொடுத்தார்கள். தி.நகர் போய் இடுப்பில் எலாஸ்டிக் வைத்த பேன்ட், சுடிதார், ஷூ, சாக்ஸ் வாங்கி வந்தேன். இதற்கிடையில் பக்கத்து ஊரான அகரம்தென்னிலிருந்து ஐயாவின் தங்கை வந்து, சம்பந்தி வீட்டுச் சொந்தமெல்லாம் அங்கே இருக்கிறார்கள், அண்ணி இரண்டு பட்டுப்புடவையாவது எடுத்துப்போகாவிட்டால் மரியாதையாக இருக்காது என்றார். டிக்கெட் போட்டுக்கொடுத்த ஆள், விமான நிலையச் சோதனைக்காக ஊக்கும் வளையலும் இல்லாமல் லேசான உடையாகப் போகச் சொன்னார். டாக்டர் கழுத்தைச் சுற்றி எப்போதும் மப்ளர் இருக்க வேண்டும் என்றார். எல்லோருக்கும் சரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேன்ட்டைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். நைட்டிக்குக் கீழே பேன்ட், அதற்குக் கீழே ஷூ. கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகாட்டினார். ஐயா பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். பேப்பர் குலுங்கியது.

"இன்னாம்மா, நல்லா கீதா?" என்று அம்மா என்னைக் கேட்டார்.

நன்றாக இருக்கிறது என்றேன். காலுக்குக் கதகதப்பாக இருக்கிறது, இதையே போட்டுக்கொண்டு இருந்துவிடலாம் போலிருக்கிறது என்றார் அவர். எனக்கு அவ்வளவு சந்தோஷம். இந்த ஒரு விஷயத்தில் உயிர்ப்பயம் அவரை மாற்றிவிட்டது என்று நம்பினேன்.

இரண்டு பெட்டிகளையும் நானே அடுக்கினேன். அடியில் பட்டு, மேலே ஜாக்கெட்டை உருட்டி, இடுக்கில் சாக்ஸைச் செருகி, ஒரு ஓரமாகப் பிரசவ லேகியமும் வசம்பும் வைத்துப் பூட்டி, சாவியை அவர் கையில் கொடுத்தேன். புறப்படும் நாளன்று சாயங்காலம், நான் வாங்கிய நீலச் சுடிதாரும் அதன் மேல் ஒரு மெல்லிய ஸ்வெட்டரும் ஷூவுமாக அம்மா வாசலுக்கு வந்தபோது தெருவில் பாதிப் பேர் நின்றிருந்தார்கள். கூச்சத்தில் துப்பட்டாவை முந்தானையைப் போல இழுத்து இழுத்துச் செருகிக்கொண்டிருந்தார். ஐயா அவரைப் பார்க்காமல் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். கார் தெருமுனை திரும்பியதும் என் தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கினாற்போல இருந்தது.

அது மறுநாள் மத்தியானம் வரைதான். ஐயா மாடிப்படிக்குக் கீழே நின்று கூப்பிட்டார். குளித்துவிட்டுக் கட்டிக்கொள்ளப் பழைய வேட்டி ஒன்றுகூட இல்லை, எங்கே வைத்திருக்கிறாள் என்று தெரியவில்லை, கொஞ்சம் பீரோவைப் பார் என்றார். திறந்தேன்.

ஜாக்கெட் இருந்தது. கம்பளி பனியன், கம்பளி கால்சட்டை, பேன்ட், குல்லாய், கையுறை, இரண்டு பட்டுப்புடவை எல்லாமே, கடையில் வைத்ததைப் போல மடித்து, வரிசையாக இருந்தன. இல்லாதவை ஐயாவின் வெளுத்த வேட்டிகளும் அம்மாவின் நூல் புடவைகளும்தான். அந்தத் தட்டு முழுக்கக் காலி.

அவர் இப்போது எங்கோ ஆகாயத்தில் இருக்கிறார். இறங்கப்போவது பனியில். உடம்பில் இருப்பது ஒரு சுடிதாரும், கொடைக்கானலுக்குக்கூடப் போதாத ஒரு ஸ்வெட்டரும்.

ஐயா பீரோவையே பார்த்துக்கொண்டிருந்தார். "துணிய மாத்திகிறா. கொயந்தைக்கு" என்றார். பிறகு, "பச்சத் தண்ணி ஊத்திக்கினாலே இழுக்கும் அவளுக்கு" என்றார்.

மாதக்கணக்காக மாடிக் கொடியில் பழைய வேட்டிகளைக் கொதிக்கவைத்து அலசிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார் அம்மா. நானும் பக்கத்தில் என் துணியைக் காயப்போட்டுக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

கலாவுக்குச் சொல்லலாமா என்று யோசித்தோம். ரத்த அழுத்தக்காரியிடம் இதைச் சொல்லி என்ன ஆவது என்று விட்டுவிட்டோம். அவள் கணவரிடம் தனியாகச் சொல்லலாம் என்றால் அவர் செல்போன் எண் கிடைக்கவில்லை. மறுநாள் விடியும் நேரத்தில், அங்கே சாயங்காலம், கலாவிடமிருந்தே போன் வந்தது. விமானம் இறங்கி வெகு நேரம் ஆகிவிட்டது, கூட வந்தவர்களெல்லாம் வெளியே வந்துவிட்டார்கள், அம்மா வரவில்லை. அவள் கணவர் வாசலிலேயே நிற்கிறார். உள்ளே கேட்டால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். "அக்கா, வண்டி மாறுற ஊர்லயே இறங்கி நின்னுட்டாங்களா?" என்றாள்.

அன்று நான் வேலைக்குப் போகவில்லை. ஐயா போனுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. காபி கொடுத்தேன், ஆடை படிந்து அப்படியே இருந்தது. நெஞ்சிழுப்பு வந்து எங்கேயாவது விழுந்துகிடக்கிறாரோ என்று எனக்குள் ஓடியதை அவரிடம் சொல்லவில்லை. அவருக்குள்ளும் அதேதான் ஓடியிருக்கும். மின்விசிறிச் சத்தத்தில் மணி கேட்காமல் போய்விடப் போகிறது என்று அதையும் நிறுத்திவிட்டார்.

இட்லி வண்டிக்காரர் தெருவில் மணியடித்துப் போன பிறகு போன் வந்தது. மருமகன். ஐயா எடுத்தார். "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டே இருந்தவர், ரிசீவரை என் கையில் கொடுத்துவிட்டுத் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். நான் பதறிப்போய்க் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் மருமகன் சிரித்துக்கொண்டிருந்தார். அத்தை வந்துவிட்டார்கள், காரில் இருக்கிறார்கள், வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறோம் என்றார். ரிசீவரை வைத்துவிட்டு மின்விசிறியைப் போட்டேன்.

நடந்தது பிறகு துண்டு துண்டாகத் தெரியவந்தது. விமான நிலையத்தில் அதிகாரி ஒருவர் வரிசையாகக் கேள்வி கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு இங்கிலீஷில் தெரிந்தது ஒரே ஒரு வார்த்தை. சாப்பாட்டுப் பொருள் ஏதாவது இருக்கிறதா? எஸ். செடி, வேர், விதை? எஸ். இங்கே வேலை செய்ய வந்தீர்களா? எஸ். இங்கேயே தங்கிவிடுவீர்களா? எஸ், எஸ். சிரித்த முகமாகத்தான் சொல்லியிருப்பார், எனக்குத் தெரியும். தனி அறைக்குக் கூட்டிக்கொண்டுபோய்ப் பெட்டிகளைத் திறந்திருக்கிறார்கள். இரண்டு பெட்டி நிறையக் கிழிந்த துணி. போட்டுக்கொள்ள ஒரு உருப்படியான சட்டைகூட இல்லாமல், உலகத்தின் அந்தக் கோடியிலிருந்து கந்தலைச் சுமந்துகொண்டு வந்திருக்கும் ஒரு பெண்மணி, வேலை செய்ய வந்தேன் என்கிறார். அவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்? திருப்பி அனுப்பும் பேச்சே வந்திருக்கிறது. அம்மாவுக்கு அது புரியவில்லை. ஆனால் எதிரே இருப்பவர்கள் சிரிக்கவில்லை என்பது மட்டும் புரிந்ததாம்.

கடைசியில் போனில் ஒரு தமிழ் ஆளைப் பிடித்தார்கள். யாழ்ப்பாணத்துப் பையன் என்றார் அம்மா. அவன் கேட்டானாம், "அம்மா, நீங்கள் இஞ்ச வேலைக்கோ வந்தனீங்கள்?"

"ஆமாம்பா. பொண்ணுக்குப் பிரசவம். வேல செய்யாம எப்டி?"

"அதுக்கு ஆரும் சம்பளம் தருவினமோ?"

"இல்லப்பா. பெத்த பொண்ணுகிட்ட யாருனா சம்பளம் வாங்குவாங்களா?"

அவன் சிரித்துவிட்டு அதிகாரிகளிடம் பேசியிருக்கிறான். துணி எதற்கு என்று கேட்டபோது அம்மா கைப்பையைக் குழந்தையாக மேசைமேல் கிடத்தி, வேட்டித் துண்டு ஒன்றை விரித்து, இப்படி ஒரு மடிப்பு, அப்படி ஒரு மடிப்பு என்று சுற்றி, கையில் ஏந்திக் காட்டியிருக்கிறார். அங்கிருந்த பெண் அதிகாரி அந்தத் துணியை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாளாம். வசம்பையும் வேறு சில பொட்டலங்களையும் எடுத்துக்கொண்டு, துணியைத் திரும்ப அடுக்கிக்கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. மருமகன் கையில் ஒரு பெரிய கோட்டும் கம்பளித் தொப்பியும் தயாராக இருந்தன. கலா கொடுத்தனுப்பியது. இரண்டு நாள் கழித்து அவளே போனில் என்னிடம் சொன்னாள்: "அம்மா ஒண்ணும் எடுத்துட்டு வர மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும்கா. ஆனா சொல்லாம இருக்க முடியுமா? நீங்க மனசுல வச்சுக்காதீங்க."

குளிர் அவரைச் சும்மா விட்டுவிடவில்லை. போய்ச் சேர்ந்த வாரத்திலேயே ஒரு நாள் இழுத்து, ஆஸ்பத்திரிக்குப் போய் மூச்சுக்கு மருந்து வைத்துவிட்டு வந்தார்கள். அதே வாரம் கலாவுக்கு வலி கண்டுவிட்டது. சொன்ன நாளுக்கு முன்பே, எடை குறைவாக, ஒரு பெண் குழந்தை. கொஞ்ச நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்து அனுப்பினார்கள். அங்கே ஆஸ்பத்திரியில் அம்மாவின் துணியைக் குழந்தைமேல் படவே விடவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு, கடையில் வாங்கிய எதைச் சுற்றினாலும் சிவந்து தடித்த அந்தத் தோலுக்கு ஐயாவின் வேட்டிதான் ஒத்துக்கொண்டது என்று கலா சொன்னாள். ஐயாவிடம் அதைச் சொன்னேன். "பன்னெண்டு வேட்டியாவது இருக்கும்" என்றார் பெருமையாக.

ஆடி பிறக்கும் முன்னே அம்மா திரும்பி வந்தார். சற்று மெலிந்து, சற்று வெளுத்து, மூச்சிரைப்பு இல்லாமல். மறுநாள் மாடிக்கு வந்து என் சமையலறை வாசலில் உட்கார்ந்து, பேத்தியின் கதைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவ்வளவு நாளாக மனதில் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். துணியை எடுத்துப்போக வேண்டும் என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, நானே இடம் பண்ணி அடுக்கிக் கொடுத்திருப்பேனே என்றேன்.

"நீ வாணாம்னு சொல்லுவம்மா. நல்லதுக்குத்தான் சொல்லுவ. அப்போ நான் உங்கிட்ட இல்லன்னு சொல்லணும். உன் மொகம் சுண்டிப் போவும். அத்தப் பாக்க என்னால ஆவாது."

"அந்த யாழ்ப்பாணத்துப் பையன்கிட்ட மட்டும் இல்லைன்னு சொன்னீங்களே?"

அவர் கொஞ்சம் யோசித்தார். யாரும் இதுவரை அவரிடம் அதைக் கேட்டிருக்கவில்லை போலிருந்தது.

"அது போனுதானே. மொகம் தெரியல. அதான் வாய்ல வந்துடுச்சு" என்றார். பிறகு புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "இல்லன்னு சொன்னதுக்கு அந்தப் புள்ள கோச்சுக்கவே இல்லம்மா. சிரிச்சுச்சு."